வீடு தேடிச் செல்ல வேண்டிய அறிவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சங்கமொன்றின் ஆண்டு விழாவிலே கக்கல் கழிச்சலைப் பற்றிப் பேச எழுந்தவனைக் கண்டு சிலர் முகஞ் சுளிக்கலாம். பந்தியும் ஆயத்தமாகிக் கொண்டிருக்கின்றது. ஆயினும் இப்பொருளை எனக்குத் தந்தவர்கள் உங்கள் இளைஞர்களே. குறை சொல்வதாயின் அவர்களைச் சொல்லுங்கள். நான் அவர்களை மெச்சுகின்றேன்.

கொலரா என இன்று சொல்லப்படும் நோயையே நம் பாட்டன் பாட்டிமார் கக்கல் கழிச்சல் என்றும் வாந்திபேதி என்றும் வழங்கினர். அப்பெயரை உரத்துச் சொல்லவும் அஞ்சினர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் இந்நோய் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூறையாடியது. மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து சென்ற தமிழ்ச் சகோதரர்களுள் எத்தனையோ பேர் இந்நோயினால் வழியிலேயே மடிந்தனர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. இலங்கையில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 2003ஆம் ஆண்டில் எனச் சுகாதாரப் பகுதியார் குறித்துள்ளனர்.

அப்படியாயின் போய்விட்ட நோயைப் பற்றி இப்பொழுது பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நோய் போயிற்று, அது வந்த வழி போகவில்லை என்பதே என் விடை. கக்கல் கழிச்சல் எந்த வழியால் வந்ததோ அதே வழியால் நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் வயிற்றுளைவும் வருகின்றன. 2009ஆம் ஆண்டில் வவுனியா முகாம்களில் செங்கண்மாரி பரவியதை நம்முட் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வழி திறந்து கிடக்க, வழிப்போக்கன் ஒருவன் மாத்திரம் வரவில்லை என்று கதவைத் திறந்து போட்டு உறங்குவது புத்தியாகாது. உலகத்திலோ அவன் இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றான். 1994இல் கோமா நகரருகே ருவாண்டா அகதிகளிடையிலும், 2010இல் ஹெயிற்றி நாட்டிலும், 2016 தொடக்கம் யேமன் நாட்டிலும் அவன் செய்த அழிவு பெரிது. இவை மூன்றும் போராலோ பூகம்பத்தாலோ குலைந்துபோன இடங்கள் என்பதைக் கவனியுங்கள். நல்ல நீரும் மலசலகூடமும் இல்லாத சனங்களையே இந்நோய் தேடிப் பிடிக்கின்றது.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லி விடுகின்றேன். இது காற்றினால் வருவதன்று. கண்ணூறினால் வருவதன்று. ஒருவருடைய மலம், தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ கை வழியாகவோ, இன்னொருவருடைய வாயை அடைவதனால் வருவது. இதனைப் பூசி மெழுகிச் சொல்லிப் பயனில்லை. வாயாற் புகுந்த கிருமி சிறுகுடலின் சுவரிலே ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு உண்டென்பதை 1959ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் வங்காள வைத்தியர் முயலின் குடலிற் சோதித்துக் காட்டினார். நஞ்சு குடலை அரித்து அழிப்பதில்லை. உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள்ளே வடியச் செய்கின்றது. கடுமையாகப் பீடிக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லீற்றர் வரையும் இழந்து விடுவார். மலம் அரிசி கழுவிய நீர் போலப் போகும். கண் குழியும், தோல் திரையும், குரல் அடங்கும். காலையிலே வயலுக்குப் போனவன் மாலையிலே பாடையில் ஏறிய கதைகள் பொய்க்கதைகள் அல்ல. வைத்தியமின்றி விடப்பட்ட கடும் நோயாளரிற் பாதிப்பேர் வரை இறப்பர். இழந்த நீரையும் உப்பையும் தக்க வேளையில் ஈடு செய்தாலோ நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை.

இன்னுமொன்று. கிருமி புகுந்தவர்களுட் பெரும்பாலோருக்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது, அல்லது இலேசான வயிற்றோட்டத்தோடு நின்றுவிடும். ஆயினும் அவர்களுடைய மலத்தில் ஒரு நாள் முதல் பத்து நாள் வரை கிருமி வெளிப்பட்டுக் கொண்டிருக்கும். ஆகவே, "அந்த வளவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை, அந்தக் கிணறு நல்ல கிணறு" என்று நாம் சொல்லிக் கொள்வதில் உறுதி ஏதும் இல்லை.

இவ்வளவையும் பள்ளிக்கூடத்திலே படித்திருக்கின்றோம் என்று இளைஞர்கள் நினைப்பது எனக்குத் தெரிகின்றது. படித்திருக்கின்றீர்கள். நான் பேச வந்ததும் அதைப் பற்றியே. சோதனைத் தாளில் எழுதிய அறிவு வேறு, நள்ளிரவில் பிள்ளைக்கு வயிற்றாலே போகும்போது தாயின் கைக்கு வந்து உதவும் அறிவு வேறு. முன்னையதிலிருந்து பின்னையது தானாக விளைவதில்லை. விளைவித்தவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் விளைவித்த விதத்தைத்தான் சொல்லப் போகின்றேன்.

முதலில் இலண்டன் மாநகரம். 1854ஆம் ஆண்டு, சோகோ என்னும் நெருக்கமான பகுதியில், புரோட் வீதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சில கிழமைகளுள் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் துர்க்காற்றினால் வருகின்றது என்று பெரிய வைத்தியர்களே நம்பிய காலம் அது. ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் வீதியிலிருந்த நீர்ப்பம்பியே காரணமெனக் கண்டு, செப்டெம்பர் 8ஆந் திகதி அதன் கைபிடியைக் கழற்றுவித்தார். இந்தக் கதையைப் பலர் அறிவர். ஹென்றி வைற்ஹெட் என்பவரை அறிந்தவர் சிலரே. அவர் அப்பகுதிக் கோயிலின் இளங் குருவானவர், வைத்தியம் படியாதவர். ஸ்னோ சொன்னது பிழையென நிறுவும் எண்ணத்தோடு தமக்குப் பழக்கமான வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்று, யார் எந்த நாளில் எங்கே தண்ணீர் குடித்தார் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். குறித்த கணக்கு அவருடைய எண்ணத்தையே கவிழ்த்தது. ஈற்றில், பம்பிக்கு அண்மையிலிருந்த 40ஆம் இலக்க வீட்டுக் குழந்தையொன்றின் துணிகளைக் கழுவிய நீர், கிணற்றுக்கு மூன்றடி தூரத்திலிருந்த மலக்குழியிற் கொட்டப்பட்டதை அவரே கண்டுபிடித்தார். கைபிடி கழற்றப்பட்ட அன்றே அக்குழந்தையின் தகப்பனும் நோயில் விழுந்தான். கைபிடி இருந்திருக்குமாயின் என்ன நடந்திருக்குமென்று எண்ணிப் பாருங்கள்.

நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மேடைப் பேச்சாளர் அதனைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். நான் இங்கே எடுத்துக் காட்ட விரும்புவது வைற்ஹெட் கதவைத் தட்டினால் சனங்கள் கதவைத் திறந்தார்கள் என்பதையே. நுண்ணறிவு ஸ்னோவினுடையது, வீட்டுக்குள்ளே போகும் உரிமை கோயிற் குருவானவருக்கே இருந்தது. உங்கள் சங்கத்துக்கும் இவ்வூரில் அத்தகைய உரிமை ஒன்று உண்டு.

இனி வங்காளத்துக்கு வருவோம். இந்நோயின் பழைய தாயகம் அது. அங்கே ஓலாதேவி என்று இந்துக்களும் ஓலாபீபி என்று முஸ்லிம்களும் இந்நோய்க்கு ஒரு தெய்வத்தை வைத்து வேண்டினர். அம்மனுக்குக் குளிர்த்தி செய்யும் நாம் அதனைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு, இலட்சக்கணக்கான சனங்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தபோது, எல்லையோரத்துப் பொன்காவ் முகாமில் கொலரா வெடித்தது. வைத்தியசாலை நிலமெங்கும் நோயாளர். நரம்பில் ஏற்றும் சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மஹலனபிஸ் என்னும் வைத்தியர், குளுக்கோசும் உப்பும் அப்பச்சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே கோப்பையைக் கொடுத்துப் பருக்குவித்தார். முகாமில் நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு, அவருடைய பராமரிப்பில் நூற்றுக்கு நாலுக்குங் கீழே இறங்கியது. சீனியோடு சேர்ந்தால் உப்பையும் நீரையும் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், நஞ்சு அந்த வாசலை மாத்திரம் அடைப்பதில்லை என்பதே இதன் சூட்சுமம். மஹலனபிஸ் 2022ஆம் ஆண்டு காலமானார். அவருக்கு மறு ஆண்டிலே இந்திய அரசு பத்மவிபூஷண் விருது கொடுத்தது. மனிதன் கண்ணை மூடிய பின்னர் மாலை சூட்டும் பழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று போலும்.

மருந்து கிடைத்துவிட்டது. விலையோ அற்பம். ஆயினும் சாவு நிற்கவில்லை. ஏன்? வயிற்றாலே போகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், ஆகவே தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று தாய்மார் நம்பினர். வங்காளத்துத் தாய்மார் மாத்திரமல்லர். இந்த மண்டபத்திலும் அப்படி வளர்ந்தவர்கள் இருக்கின்றோம். கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே! ஊற்றுவது கீழே போகின்றது. அதைக் கண்டவளிடம் "நீ நினைப்பது தவறு" என்று ஒலிபெருக்கியிற் கத்தினால் அவள் நம்புவாளா?

பங்களாதேசத்தில் பசலே ஹசன் அபேட் என்பவர் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980ஆம் ஆண்டு முதல் பத்தாண்டு காலம் செய்த வேலையை நான் மிகவும் மதிக்கின்றேன். அவர்கள் ஒலிபெருக்கி கட்டவில்லை. சிறிதளவு படித்த கிராமத்துப் பெண்களைப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினர். பக்கெற்றையும் நம்பவில்லை, எல்லா ஊருக்கும் பக்கெற்று போய்ச் சேராது என்று அவர்களுக்குத் தெரியும். அடுக்களையில் எப்போதும் கிடப்பதை எடுத்தார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி சர்க்கரை, அரைச் சேர் தண்ணீர். இதனைச் சொல்லிக் காட்டியதோடு நில்லாமல், தாயையே தன் விரலால் உப்பை அள்ளித் தன் சட்டியிற் கலக்கச் செய்தார்கள். ஏனெனில் உப்பு மிஞ்சினால் அதுவே குழந்தைக்கு ஆபத்து. தாய்மார் கலக்கிய நீரை எடுத்துச் சென்று உப்பின் அளவைச் சோதித்தும் பார்த்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்த ஏற்பாடு எனக்குப் பெரிதும் பிடித்தது. கற்பித்துச் சென்ற பெண்ணுக்கு, எத்தனை வீடு ஏறினாள் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில நாட்கள் கழித்து வேறொருவர் அவ்வீடுகளுட் சிலவற்றுக்குச் சென்று, நினைவில் வைக்க வேண்டியவை எவை என்று தாயைக் கேட்டு, கலக்கிக் காட்டச் சொல்வார். தாய் எவ்வளவு சரியாகச் சொல்லிச் செய்தாளோ அவ்வளவுக்கே கற்பித்தவளுக்குக் கூலி! நம்முடைய ஆசிரியர்மாருக்கும், மேடையேறும் என் போன்றவர்களுக்கும் இந்த விதியை வைத்தால் பலர் பட்டினி கிடக்க நேரிடும்.

அப்படியிருந்தும் முதலில் ஒரு தோல்வி கண்டார்கள். தாய்மார் நன்றாகவே கற்றுக்கொண்டனர். ஆனால் நோய் வந்தபோது கலக்கிக் கொடுத்தவர் சிலரே. ஏனென்று ஆராய்ந்தபோது, கற்பிக்கப் போன பெண்களிற் பலருக்கே அந்த உப்பு நீரில் நம்பிக்கை இருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. தம் வீட்டிலே வயிற்றோட்டம் வந்தால் வேறு மருந்தை நாடினர். வாய் சொல்லிற்று, மனம் சொல்லவில்லை. தாய்மார் அதனை எப்படியோ மணந்து கொண்டனர். உடனே அப்பெண்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, இந்நீர் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை விளக்கினார்கள். ஆண்கள் ஒதுங்கி நின்று சந்தேகித்ததைக் கண்டு, பள்ளிவாசலிலும் சந்தையிலும் அவர்களுக்குத் தனியே சொன்னார்கள். அதன் பிறகே மாற்றம் தெரிந்தது. 1990ஆம் ஆண்டு வேலை முடிந்தபோது ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அவர்கள் கால் பட்டிருந்தது.

அதே நாட்டில் மத்லப் என்னும் ஊர்ப்புறத்திலே இன்னொரு முயற்சி. கொலராக் கிருமி நீரில் வாழும் மிக நுண்ணிய பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றது என்பதை றீற்றா கொல்வெல் என்னும் அமெரிக்க அம்மையார் ஆராய்ந்திருந்தார். பூச்சியை வடித்தெடுத்தால் கிருமியும் பெரும்பாலும் போகுமன்றோ? பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாக மடித்து, குடத்தின் வாயிற் கட்டித் தண்ணீரை வடிக்கச் செய்தார்கள். புதுச் சேலையிலும் பழஞ் சேலையே நல்லதென்று கண்டனர், நூல் நைந்து கண்கள் இறுகிவிடுவதால். 2003ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி அவ்வூர்களிற் கொலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஐந்தாண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான பெண்கள் இன்னும் வடித்துக் கொண்டிருந்தனர். வடியாத அயல் வீடுகளிலும் நோய் ஓரளவு குறைந்திருந்தது. கொதிக்க வைத்த நீருக்கு இது ஈடாகாது; விறகுக்கும் வழியில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

நம் நாட்டிலும் இவ்வகைத் தொண்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவர் மதம் பரப்ப வந்தவர்தாம், அதனை நாம் அறிவோம். அதற்காக அவருக்குள்ள கடனை மறுப்பது சைவப் பண்பாகாது. தமிழில் கற்ற வைத்தியன் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவான், அங்குள்ளவர்க்கு அவர்கள் மொழியிலேயே சொல்வான் என்று அவர் கண்டுகொண்டார். இன்று நம் சுகாதார அறிவித்தல்களை வாசித்துப் பாருங்கள். தமிழாகவே இருக்கின்றன, ஆனால் எந்த ஆச்சிக்கு விளங்கும்?

நிற்க. நம் ஊருக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நமக்குத் தண்ணீர் கிணற்றிலேதான். கிணற்றின் அடியோ சுண்ணாம்புக் கல், வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மண் வடிப்பது போலக் கல்லின் வெடிப்பு வடிப்பதில்லை. ஒரே வளவில் ஒரு மூலையிற் கிணறும் மறு மூலையில் மலக்குழியும். இரண்டுக்கும் ஐம்பதடி தூரம் விடவேண்டுமென்ற கணக்கு வழக்கில் உண்டு. காணி துண்டுபட்டுத் துண்டுபட்டு அந்த ஐம்பதடியும் பல வளவுகளில் இல்லாமற் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிலத்து நீர் மேலெழும்போது குழிக்கும் கிணற்றுக்கும் இடையே என்ன நடக்கின்றது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கின்றது, இனிக்கின்றது என்பது சான்றாகாது. புரோட் வீதித் தண்ணீரும் தெளிந்த தண்ணீர் என்று பெயர் பெற்றதே!

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த மாரி தொடங்குமுன் சங்கத்தவர் இருவர் இருவராக ஒவ்வோர் ஒழுங்கைக்கும் செல்லுங்கள். பெண் உறுப்பினர் முன் செல்வது நன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் முதலிற் சந்தித்து அவர்கள் சொற்படி நடவுங்கள். கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடுவது அவர்களுடைய அளவுப்படியே ஆகவேண்டும். துண்டுப் பிரசுரம் வேண்டாம். ஒரு லீற்றர்ப் போத்தலும் ஒரு தேக்கரண்டியும் கொண்டு போங்கள். ஜீவனிப் பக்கெற்று ஒன்றை, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் முழுவதையும் கலக்க வேண்டும். பாதிப் பக்கெற்று, அரைக் கோப்பை என்ற சிக்கனம் கூடாது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பக்கெற்று இல்லாத இரவில், ஒரு லீற்றருக்குத் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வீட்டுக்காரியே கலக்கட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கலக்கியதில் ஒரு வாய் நீங்களும் குடியுங்கள். கண்ணீரிலும் உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் உப்புக் கஞ்சியைப் பற்றிச் சொல்வார்கள். மறுத்துப் பேசாதீர்கள்; அரிசிக் கஞ்சியும் உப்பும் இந்நோய்க்கு நன்றே உதவுமென்று ஆராய்ச்சியும் கண்டிருக்கின்றது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதிலே உப்புச் சத்துக் குறைவு, அதை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. வெறுந் தேத்தண்ணீரை நம்பிப் பிள்ளையைப் படுக்க வைத்திருப்பதைத்தான் தடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து குடிக்க மாட்டாமற் கிடந்தாலோ, கண் குழிந்து சிறுநீர் நின்றுவிட்டாலோ, உடனே வைத்தியசாலைக்கு. வழியிலும் பருக்கிக்கொண்டே போகட்டும்.

மற்றது உங்கள் தண்ணீர்ப் பந்தல். தேர்த் திருவிழாவன்று நீங்கள் செய்யும் தொண்டை எல்லோரும் புகழ்கின்றார்கள். அந்த அண்டாவுக்குள்ளே எத்தனை கைகள் செம்பைத் தோய்க்கின்றன என்று எண்ணியிருக்கின்றீர்களா? மோர் கலக்கிய நீர் கொதித்தாறியதா? அண்டாவுக்கு ஒரு மூடியும் அடியில் ஒரு குழாயும் வையுங்கள். அன்னதான மடத்து வாசலிலே சவர்க்காரமும் தண்ணீரும் வைத்து, கை கழுவாதவரைப் பந்திக்கு விடாதீர்கள். அடியார் கோபித்தால் கோபிக்கட்டும்.

ஒழுங்கைக்குப் போனவர்கள் ஒரு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போகவேண்டும், முதலிற் போனவர் போகாமல் வேறிருவர் போகவேண்டும். போத்தலையும் கரண்டியையும் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், கலக்கிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வீடு சென்றீர்கள், எத்தனை வீட்டில் சரியாகக் கலக்கினார்கள் என்ற இரண்டு தொகையையும் அடுத்த ஆண்டு மலரிலே, தலைவர் வாழ்த்துரைக்கு அடுத்த பக்கத்தில், அச்சிடுங்கள். இரண்டாவது தொகை வெட்கப்படும்படி குறைந்திருந்தாலும் அச்சிடுங்கள்.